எதிர்க்கடை

இந்த இடத்தின் பெயரே புதுக்கடை.
இதில் என்னுடையது பதினொரு வருசப் பழைய கடை.
வைகாசியில், றோட்டுக்கு அந்தப் பக்கம்,
ஒரு புதுக்கடை வந்தது.

முதல் கிழமை அங்கே நான் பார்க்கவேயில்லை.
பார்க்காமலிருக்க எவ்வளவு நேரம் செலவானதென்று
பின்னேரம் லாச்சியை எண்ணும்போது தெரிந்தது.

போட்டோ கொப்பி எட்டு ரூபா என்று
மூன்று பாஷையிலும் எழுதி ஒட்டியிருந்தார்.
தமிழில் மட்டும் 'பிறதி.'
அந்த வல்லின றகரத்தை வைத்து
ஒரு நாள் முழுக்கச் சந்தோசப்பட்டேன்.
ஆட்கள் அதை வாசித்துக்கொண்டே
உள்ளே போனார்கள்.

இரண்டாம் கிழமை
மச்சாளின் மகன் துவாரகனை வேவுக்கு அனுப்பினேன்.
அவசரத்தில் கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டேன்:
என் கடைக் கரண்ட் பில்.
மேலே என் பெயர், கீழே என் விலாசம்.
ஒன்றும் கேட்கவில்லையாம் அவர்.
கொப்பி எடுத்து, பத்து ரூபா வாங்கி,
இரண்டு ரூபா மிச்சம் தந்தாராம்.

மாதம் எத்தனை யூனிட் எரிக்கிறேன் என்பது
இப்போது அவருக்குத் தெரியும்.

அந்தக் கொப்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
மெல்லிய பேப்பர். வலது மூலையில்
எள்ளளவு ஒரு கறுப்புப் புள்ளி.
டிரம்மில் கீறல், பழைய மெசின்,
யாரோ பாவித்து விற்றது.
எட்டு ரூபாவின் கணக்கு அந்தப் புள்ளிக்குள் இருந்தது.

ஆனால் புள்ளி சொல்லாததும் இருந்தது.
துவாரகன் தற்செயலாகச் சொன்னான்:
"மாமி, அங்க ரெண்டு கதிரை கிடக்கு."

வத்தளை பஸ்ஸில் தொங்கி வந்து
எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது
ஏழு மணியிலிருந்தே அந்தக் கதிரைகளில்
வழக்குக்கு வந்த சனம் இருந்து எழும்பிப் போயிருக்கும்.
பதினொரு வருசமாக என் கண்ணாடிக்கு முன்னால்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களை
நான் கைகளாகத்தான் பார்த்திருக்கிறேன்,
பேப்பர் நீட்டும் கைகளாக.

ஒரு வாங்கு வாங்கிப் போட்டேன்.
ஏழு மணிக்கு வரப் பார்த்தேன். ஏழே கால்தான் முடிந்தது.
பத்து ரூபாவைக் குறைக்கவில்லை,
டோனர் விற்கிறவனுக்கு என் போட்டி விளங்காது.

பிறகொரு நாள், கொச்சிக்கடைப் பக்கத்து மனுசன் ஒருத்தர்
எதிர்க்கடைக் கதிரையிலிருந்து எழும்பி
றோட்டைக் கடந்து என்னிடம் வந்தார். காணி உறுதி.
"அங்க கெதியா அடிக்கிறாங்க.
நீங்க பாத்துப் பாத்து அடிப்பீங்களாம்."
மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு ஐந்தாம் பக்கம் வந்தது.
நாலு எங்கே என்று கேட்டேன்.
பையைக் கொட்டித் தேடினார். இருந்தது.

அதைத்தான் நான் இத்தனை நாளும்
என் சுணக்கம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது சில வழக்குக் கட்டுகள் வரும்போது
மூலையில் அவருடைய புள்ளி இருக்கும்.
அதன்மேல் என் மெசினும் தன் சாம்பல் கோட்டைப் போடும்.
இரண்டும் சேர்ந்து நீதவான் மேசைக்குப் போகும்,
யாரும் கவனியாமல்.

போன வியாழன், மழை விட்ட நேரம்.
கறுப்புக் கோட்டுப் பிள்ளை ஒன்று
இரண்டு கடைக்கும் நடுவில் நின்றது.
ஃபைலை ஓட்டோவின் முதுகில் விரித்து
போனால் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்தது.
நாற்பது பக்கம் இருக்கும்.
அனுப்பிவிட்டு, போனைத் துடைத்துக்கொண்டு,
படியேறிப் போய்விட்டது.

தலையை நிமிர்த்தினேன்.
அவரும் அப்போதுதான் நிமிர்த்தியிருக்க வேண்டும்.
என் நாற்பது, அவருடைய நாற்பது;
இரண்டு பேரும் மனதில் பெருக்கி முடித்திருந்தோம்.

கையைத் தூக்கினார்.
கூரையில் இருந்த காகத்துக்கா, எனக்கா, தெரியாது.
நானும் தூக்கினேன்.

அவருடைய பேப்பர் எத்தனை கிராம்,
டோனர் எந்தக் கிழமை முடியும்,
எந்தச் சட்டத்தரணியின் கிளாக் அங்கே கடன்,
எல்லாம் எனக்குப் பாடம்.
பெயர் மட்டும் கேட்கவில்லை இன்னும்.

என்னுடையது அவரிடம் இருக்கிறது,
அந்தப் பில்லில்.